கூடலூர் டிரைவர் வீட்டு ரேம்

எங்கள் பழைய கடை ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு தொழில் கேள்வி வரும். போன வாரம் சின்னமனூர் கிளையைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுளா கேட்டிருந்தாள். “சார், ரேம் விலை ஏறிக் கெடக்கு. ஆனா கேம் ஆடுறவுக தினமும் வந்து இன்னொரு ரேம் போடுங்கன்னு நிக்கிறாக. போட்டு விடவா, வேண்டாம்னு சொல்லவா? ஒரே வரியில சொல்லுங்க.”

ஒரே வரி என்று அவள் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் குணம் அவளுக்குத் தெரியும். என்னிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் நான் உப்பளத்திலிருந்து ஆரம்பிப்பேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். குழுவில் “பொறு, எழுதி அனுப்புகிறேன்” என்று போட்டேன். உடனே நாலைந்து பேர் கும்பிடு போடும் படத்தை அனுப்பினார்கள். கிண்டல்தான். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் ஆண்டிபட்டிக்காரன். ரேடியோ, டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டேன். மதுரைக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்தேன். தேனி பஜாரில் ஞானதாஸ் சார் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஞானதாஸ் சார் பின்னால் நின்று பார்த்தது.

அவர் குடும்பம் பஜாரில் தலைமுறையாக நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தது. அந்தக் கடையின் பாதியை மறித்துத்தான் இவர் கம்ப்யூட்டர் கடை போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையோடு மற்ற நாளும் இருப்பார். குரல் உயராது. எங்களையும், டீ கொண்டு வருகிறவரையும், ஒரே மாதிரி ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். ஒரு சிஸ்டத்தைத் திறக்கும் முன் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், மோதிரத்தைக் கழற்றுவார், பிறகு ஜன்னல் கம்பியை ஒரு முறை தொடுவார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்பதற்காக. வருகிறவர்கள் அதை ஏதோ ஜெபம் என்று நினைத்துக்கொண்டு தாங்களும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். அவரும் திருத்தமாட்டார். கடையில் கொஞ்சம் அமைதி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

யாராவது வந்து “கேம் நின்னு நின்னு ஓடுது, ரேம் கூட்டிக் குடுங்க” என்றால் அவர் ரேமை எடுக்கமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

“உக்காந்து ஆடுங்க, பாப்போம்.”

மீசை முறுக்கிய ஆளுக்குக்கூட அப்போது வெட்கம் வந்துவிடும். கடையில் நாலு பேர் பார்க்க கேம் ஆடுவதென்றால் சும்மாவா? ஆனால் சார் விடமாட்டார். பின்னால் கைகட்டி நின்று பார்ப்பார். என்ன கோளாறு என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. “எங்க நிக்குது?” என்றுதான் கேட்பார். தொடக்கத்திலிருந்தே இழுக்கிறதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நிற்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, கண்ட இடத்தில் நிற்கிறதா? அதைப் பார்த்த பிறகுதான் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையில் பார்ப்பார். அதன் பிறகுதான் கேபினெட் பெட்டியைத் திறப்பார்.

ரேம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சமையல் மேடையைச் சொல்வார். ஹார்டு டிஸ்க் அலமாரி. சமைக்கும்போது வேண்டியதையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மேடையில் பரப்பிக்கொள்கிறோம். மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க வேண்டும், நடுவில் அடுப்பு சும்மா எரியும். கேம் நிற்பது அந்த நேரத்தில்தான். மேடை ஏற்கெனவே பாதி காலியாகக் கிடந்தால், அதை இன்னும் பெரிதாக்கினாலும் சோறு சீக்கிரம் வேகாது.

இதை நம்ப வைப்பதுதான் பாடு. போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கிரிக்கெட் கேம் ஆடுகிறவர். இருப்பதிலேயே பெரிய ரேமாகப் போடச் சொன்னார். சார் அவரை உட்கார வைத்து ஆடச் சொன்னார். டாஸ் போட்டதிலிருந்து கடைசிப் பந்து வரைக்கும் ஒரே மாதிரி மெதுவாக ஓடியது. மெமரி பாதிகூட நிரம்பவில்லை. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுதான் அதில் கிழடு.

“ரேம் வேண்டாம்ண்ணே. மேடை காலியாத்தான் கெடக்கு” என்றார் சார்.

“நான் குடுக்குறேங்குறேன், நீங்க வேண்டாங்குறீக. என்ன யாவாரம் பண்றீக நீங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். வேறு எங்கேயோ ரேமைப் போட்டுக்கொண்டு, அதே மெதுவான சிஸ்டத்தோடு திரும்ப வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, “சரி, இப்ப அந்தக் கார்டைப் போடுங்க” என்றார். சார் முகத்தில் ஒரு சிரிப்புகூடக் காட்டவில்லை. நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டேன்.

இதற்கு நேர்மாறும் உண்டு. கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், ஆட வருகிறவர்களெல்லாம் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். எல்லா சிஸ்டத்திலும் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, ரேம் ஒற்றைத் துண்டு. அந்த மாதிரி சிஸ்டம் படம் வரைவதற்கும் ரேமைத்தான் கடன் வாங்கும். ஒரு துண்டுக்குப் பதில் ஒரே ஜாதியில் இரண்டு துண்டு போட்டால் தகவல் போய்வருகிற வழி இரண்டாகிவிடும். அங்கே புதிதாகக் கொஞ்சம் வாங்கி, இருந்ததையும் ஜோடி சேர்த்துப் போட்டோம். சென்டர்காரர் ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, நாங்கள் ரகசியமாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டார்.

ஆக, மஞ்சுளா, ஒரு வரி வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று நின்று, அந்த நேரம் மெமரியும் நிரம்பி வழிந்தால் ரேம் கூட்டுவது பலன் தரும். எட்டு ஜிபி வைத்துக்கொண்டு இந்தக் காலத்துக் கேம் ஆடுகிறவருக்குப் பதினாறு போட்டால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். பதினாறுக்கு மேல் போவது, கேமுக்குள் கனமான மேப்பையெல்லாம் ஏற்றி ஆடுகிறவர்களுக்குத்தான் அநேகமாக உதவும். ஒற்றைத் துண்டைவிட ஜோடி நல்லது. மேடை காலியாக இருந்தால் அவருடைய பணம் அவரிடமே இருக்கட்டும்.

பதில் முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் கேள்வியை என் வேலைக் காலத்தில் யாரும் கேட்காத மாதிரி கேட்ட ஒருவர் இருக்கிறார். அதைச் சொல்லாமல் நிறுத்தினால் இவ்வளவு எழுதியும் சொல்ல வேண்டியதைச் சொல்லாத மாதிரிதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கார்த்திகை மாதம், கூடலூரிலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஞானதாஸ் சார்தான் எடுத்தார். வெகுநேரம் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார். “ஒரு அம்மா பேசினாங்க. கேம் நிக்குதாம். ரெண்டு ரேமையும் எடுத்துட்டுப் பெருசாப் போடச் சொல்லி அவங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் சொன்னாராம். நகையைக் கழற்றிக் குடுத்தாவது போடத் தயாரா இருக்காங்க. நீங்களே போங்க. எதையும் விற்க வேண்டாம், முதல்ல பாருங்க.”

வீட்டு வாசலிலேயே அந்த அம்மா காத்திருந்தார். பெயர் அன்னக்கொடி. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையோடு பஸ் நிறுத்தம் பக்கம் பார்த்தபடியே நின்றவர், என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடாமல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

“உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேண்ணே. அவுக குமுளி ரோட்டுல பஸ் ஓட்டுனவுக. காலமெல்லாம் மலை ரோடுதான். ரிட்டயர் ஆன பெறகு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் இழுத்துக்கிருச்சு.”

சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர் கணவர் பெயர் மொக்கராசு. ஊரில் டிரைவர் என்றால்தான் தெரியும். ஒரு காலையில் மனைவி நீட்டிய காப்பி டம்ளரைக் கையில் வாங்கியது அவருக்குத் தெரியும். டம்ளர் தரையில் கிடந்ததும் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. அந்த நடுவில் காணாமல் போன நேரம்தான் அவரை ரொம்பப் பயமுறுத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பந்தை அமுக்கு, விரலை மடக்கு என்றால் அவர் செய்யவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு லீவில் வந்து, மேசையில் ஒரு கம்ப்யூட்டரையும் அதில் மாட்டுகிற ஸ்டியரிங்கையும் பெடலையும் வைத்து, மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற கேமைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நம்ம ஊர் மலை ரோடு போலவே யாரோ வரைந்து வைத்த மேப் அது. மகள் போன பிறகு மனுஷன் காலையில் ஒரு டிரிப், சாயந்திரம் ஒரு டிரிப் என்று ஓட்டத் தொடங்கிவிட்டார். பந்தை அமுக்காத கை ஸ்டியரிங்கை அமுக்கிப் பிடித்தது. அன்னக்கொடி அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்தபடியே பிரயாணம் செய்வாராம். கை மெல்ல மெல்லத் தேறி, சட்டைப் பொத்தானைத் தானே போடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

“ஐப்பசி பொறந்ததுல இருந்துதாண்ணே இப்படி ஆச்சு” என்றார். “போய்க்கிட்டே இருக்காக. வளைவு வருது. அப்புறம் பாத்தா பஸ்ஸு பாறையில மோதி நிக்குது. நடுவுல ஒண்ணும் இல்ல. அவுக என்னையப் பாத்து, ‘அன்னக்கொடி, எனக்கு மறுபடி விட்டுப் போச்சு’ன்னாக. டாக்டரு படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. இவுக நம்ப மாட்டேங்குறாக. ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தன நாளாச்சு. கையும் பழையபடி மடங்க ஆரம்பிச்சிருச்சு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “மிசினு நிக்குதா, அவுக மண்ட நிக்குதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு ஆறுதலுக்குச் சொல்லாதீக. எதுவா இருந்தாலும் இருக்கிறதச் சொல்லுங்க.”

நான் எத்தனையோ பேருக்கு ரேம் பார்த்திருக்கிறேன். இப்படிக் கேட்டவர் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். வலது கையை மட்டும் யாருடையதோ போல மடியில் போட்டு வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது.

“டிரைவரண்ணே, எங்கன நிக்குதுன்னு சொல்லுங்க” என்றேன்.

“வண்டி எங்கனயும் நிக்கல தம்பி. நான்தான் நிக்கிறேன்.”

“ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்.”

“மாட்டேன்.” அவ்வளவுதான்.

ஆடுகிறவரை ஆடச் சொல்லிப் பார்ப்பதுதான் எங்கள் கடை முறை. ஆடுகிறவர் மாட்டேன் என்றால் என்ன செய்வது? நானே ஓட்டலாம் என்று பார்த்தால் எனக்கு சைக்கிளுக்கு மேல் தெரியாது. ஆனால் எங்கே நிற்கிறது என்று பின்னால் நின்று பார்க்க வேண்டியவன் நான். அன்னக்கொடி அம்மாவைப் பார்த்து, “தங்கச்சி, நீங்க உக்காருங்க” என்றேன்.

“நானா? ஆத்தாடி!”

“தெனமும் பக்கத்துல உக்காந்து பாத்தவுகதான. ஓட்டுங்க.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். பஸ் கிளம்பியது. நிழற்குடையில் ஒரு இடி, சுமைதாங்கியில் ஒரு இடி. ஒரு மாட்டுவண்டிக்காரன் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம். கட்டிலிலிருந்து டிரைவர் சுவரைப் பார்த்தபடியே, “கியரைக் கொற” என்றார். கொஞ்சம் கழித்து, “ஏத்தத்துல எதுக்கு பிரேக்க மிதிக்கிற?” என்றார். சத்தத்தை வைத்தே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் முகத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துவிட்டார்.

வளைவு வந்தது. படம் அப்படியே உறைந்தது. கேபினெட்டில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. பிறகு ஒரே தாவலில் பஸ் பாறையில் மோதி நின்றது. மறுபடி அதே இடத்திலிருந்து ஓட்டச் சொன்னேன். அதே வளைவில் அதே மாதிரி நின்றது. மெமரியைத் திறந்து பார்த்தேன், விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. “பாத்தீகளாண்ணே, மிசினுதான் நிக்குது. தங்கச்சி ஓட்டும்போதும் நிக்குதுல்ல?” என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “எனக்கு இப்பவும் நடுவுல விட்டுப்போன மாதிரிதான் இருந்துச்சு. உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு நான் எப்படி நம்புறது? டாக்டரு ஒண்ணும் இல்லைங்குறாரு. எம் மக போன்ல ஒண்ணும் இல்லைங்குறா. இவளும் ஒண்ணும் இல்லைங்குறா. இப்ப நீங்களும் சேந்துக்கிட்டீக. எல்லாரும் நல்லவுகதான் தம்பி. ஆறுதல் சொல்ல வர்றவுக வேற என்ன சொல்லுவாக?”

தன் கண்ணையே நம்பாதவருக்கு எதைக் கண்ணில் காட்டி நம்ப வைப்பது?

அப்போதுதான் திரையில் இன்னொன்றைக் கவனித்தேன். மொத்த மெமரி எட்டு என்று காட்டியது. “போன்ல ரெண்டு ரேம்னு சொன்னீகளாமே, நெசந்தானா?” என்று கேட்டேன்.

“ரெண்டுண்ணே. முதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு. மேப்பு கனமா இருக்குன்னு எங்கண்ணு முன்னாடிதான் ரெண்டாவத மாட்டுனா” என்றார் அன்னக்கொடி அம்மா. எட்டும் எட்டும் பதினாறு இருக்க வேண்டும். பாதியைக் காணோம்.

கரண்டை நிறுத்தி வயரைப் பிடுங்கினேன். வாட்சைக் கழற்றினேன், ஜன்னல் கம்பியைத் தொட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். உள்ளே இரண்டு ரேம் துண்டுகளும் நின்றன. ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் தலைமேட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். தண்ணீர் விட்டு இளக்கிய சந்தனம் போல, துண்டின் மேல் வழிந்து, அதைச் செருகும் ஸ்லாட்டுக்குள்ளேயே இறங்கிக் காய்ந்திருந்தது. துண்டைப் பிடிக்கிற கிளிப்பும் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, யாரோ துணியால் துடைக்கும்போது அதை அசைத்திருக்கிறார்கள்.

ஆயுத பூஜை.

தேனிப் பக்கம் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்காத கடை கிடையாது. ஆனால் எல்லோரும் வெளியேதான் வைப்பார்கள். இது டிரைவர் வீடு. பஸ்ஸுக்குப் பூஜை போடும்போது பானட்டைத் திறந்து எஞ்சினுக்குச் சந்தனம் வைத்துப் பழகிய வீடு. மகள் இரண்டாவது துண்டை மாட்டும்போது, ‘இதுதாம்மா அப்பா பஸ்ஸை வேகமா ஓட வைக்கும்’ என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் துண்டுக்குத்தான் அன்னக்கொடி அம்மா பக்கத் தகட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டியிருக்கிறார். இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னது.

ஆசையாகச் செய்த காரியம் அது. அதனால்தான் கணவர் இத்தனை நாள் தன் மண்டையைச் சந்தேகித்துக்கொண்டு கிடந்தார் என்று அந்த அம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தூசி அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துடைத்து மாட்டலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாசலில் அவர் கேட்டது காதிலேயே இருந்தது. தவிரவும் டிரைவருக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். அது இந்தச் சந்தனம் ஒன்றுதான்.

துண்டை உருவி எடுத்துக்கொண்டு போய் அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களையும், அவற்றின் மேல் படிந்திருந்த மஞ்சள் பொருக்கையும் பார்த்தார். கட்டை விரலால் சுரண்டினார். மடங்கிக் கிடந்த விரல்கள் அந்தச் சின்னத் துண்டுக்காகக் கொஞ்சம் விரிந்தன.

“பேட்டரி டெர்மினல்ல பூத்துப் போன மாதிரி இருக்கு” என்றார்.

“அதேதாண்ணே. பேட்டரி நல்லா இருக்கும், வண்டி கெளம்பாது. இங்கன கரண்டு போகல, அதனால பாதி மெமரி இல்லாமலே ஓடியிருக்கு. அந்த வளைவுல படம் நெறைய வரணும். எடம் பத்தாம முழிச்சு நின்னுருச்சு.”

அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பதிந்திருந்த மூன்று விரல் கோட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருஷம் அந்த விரல்கள் அவர் பஸ் கண்ணாடிக்குச் சந்தனம் வைத்திருக்கும்! மனைவி பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் அந்த அம்மாவுக்குத் தாங்காது என்று நினைத்தார் போல.

நான் வேலையைப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துண்டைத் துடைத்தேன். பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். ஸ்லாட்டுக்குள் மெல்லிய பிரஷ் விட்டுப் பொருக்கையெல்லாம் எடுத்தேன். நன்றாகக் காயவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தி மாட்டினேன். சிஸ்டத்தைப் போட்டால் பதினாறு என்று காட்டியது. கேமையும் திறந்து வைத்தேன்.

“இப்ப ஓட்டுங்கண்ணே.”

டிரைவர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. “சந்தனம் வழிஞ்சது நெசந்தான். அதுக்கும் எனக்கு விட்டுப்போறதுக்கும் சம்பந்தம் இல்லாமக்கூட இருக்கலாம்ல தம்பி?” என்றார். மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார்த்து, மறுபடி நின்றுவிட்டால்? அந்தப் பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இவ்வளவு நேரம் கதவோரம் நின்ற அன்னக்கொடி அம்மா முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணே, அந்தச் சந்தனம் நான் வச்சது.”

“தெரியும் தங்கச்சி. ஆசையா வச்சிருக்கீக, அதுல என்ன…”

“அதக் கேக்கல. மிசினு நின்னது அதுனாலயா?”

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மழைக்காலம், ஈரம் வேற…”

“அண்ணே!” குரல் கடுத்தது. “வாசல்லயே என்ன சொன்னேன்? அதுனாலதானா, இல்லையா?”

“அதுனாலதான் தங்கச்சி” என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அழப்போகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“நானா? நான்தானா கெடுத்தது?” என்றார். “அப்ப அவுகளுக்கு ஒண்ணும் இல்லையா? யாத்தே! நான்தான் கெடுத்திருக்கேன்!”

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். குடையைக்கூட எடுக்காமல் தூறலில் இறங்கிப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்று கூப்பிட்டார். ஜன்னல் வழியாக எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

“ஈஸ்வரிக்கா! ஏ ஈஸ்வரிக்கா, வெளிய வாங்க! நான்தான்க்கா கெடுத்தது! பூசைக்குச் சந்தனத்தத் தண்ணியாக் கரைச்சு உள்ள ஊத்திவிட்டுட்டேன், கூறுகெட்டவ! அவுகளுக்கு ஒண்ணும் இல்லையாம்! எல்லாம் என்னாலதானாம்!”

எந்தக் குற்றவாளியும் தன் குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக ஊருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

டிரைவர் காதை ஜன்னல் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய தோள் மெல்லக் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

“எனக்கு ஆறுதல் சொல்றவ இப்படிக் கத்த மாட்டா தம்பி” என்றார்.

இடது கையால் வலது கையைத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்து பிடித்தன. பஸ்ஸைக் கிளப்பினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். நிழற்குடை ஒதுங்கியது, சுமைதாங்கி ஒதுங்கியது. ஏற்றத்தில் கியரைக் குறைத்தார். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தார், எதிரே வண்டி வருமோ என்று ஒரு கணம் தாமதித்தார், பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தார். பாறை ஓரமாகப் பஸ் வழுக்கிக்கொண்டு திரும்பி, மேலே அடுத்த வளைவை நோக்கிப் போனது.

அதைப் பார்க்க அன்னக்கொடி அம்மா அங்கே இல்லை. ஈஸ்வரிக்காவிடம் சொல்லி முடித்துவிட்டு, மழையில் நனைந்தபடி அதற்கடுத்த வீட்டு வாசலில் நின்று, தான் செய்த தப்பை முதலிலிருந்து சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.